ஃபிலிம் மாற்றிய சனிக்கிழமை

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் முழுக்க என் கணவரின் மகள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்று கூப்பிடுவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆன்ட்டி என்றாவது சொல்லியிருக்கலாம். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சமையலறை வாசலில் வந்து நிற்பாள். நான் திரும்பிப் பார்க்கும் வரை நிற்பாள். பிறகு, "இஸ்திரிக்குக் குடுத்த துணி வந்திடுச்சா?" என்று கேட்பாள். பதில் கிடைத்ததும் போய்விடுவாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வாங்க, போங்க எல்லாம் உண்டு. கூப்பிடும் சொல் மட்டும் இல்லை.

எனக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அதுவரை கீழ்க்கட்டளையில் தம்பி குடும்பத்தோடு இருந்தேன். அப்பாவின் நோயைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சுகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், கடைசியில் யாரும் பேச்செடுப்பதையே விட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் சபையில் தெரிந்த ஒருவர் மூலமாக இந்தச் சம்பந்தம் வந்தது. அவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மனைவி புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள்.

முதல் சந்திப்பிலேயே அவர் சொல்லிவிட்டார். "எனக்கு ஒரு துணை வேணும்னுதான் கேக்கறேன். அவளுக்கு அம்மா வேணும்னு கேக்கல. அவளுக்கு அம்மா இருந்தாங்க."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஒப்புக்கொண்டேன்.

வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூரைத் தாண்டி, இரண்டாவது மாடியில் ஒரு சிறிய ஃபிளாட். காலையில் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வரும். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கல் அறுக்கும் மெஷின் ஓடும் நாட்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரலால் பெயர் எழுதலாம். போர்வெல் தண்ணீர் உப்பு. குழாய், பக்கெட், பாத்திரம் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். தூசியோடும் உப்போடும் போராடுவதுதான் அந்த வீட்டில் என் முதல் வேலையாக இருந்தது. அந்தப் பெண்ணோடு போராட எனக்குத் தெரியவில்லை. அதனால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பிளஸ் டூ முடித்து அவள் காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள். தாம்பரத்திலிருந்து ரயிலில் போய்வருவாள். அவள் கையில் இருந்த ஃபோன் கல்லூரிப் பெண்ணுக்குரியதாக இல்லை. ஓரங்களில் வண்ணம் போன சிறிய பழைய ஃபோன். அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஃபிலிம் கீறல் விழுந்து விழுந்து பனிமூட்டம் போல ஆகிவிட்டிருந்தது. கீழ் மூலையில் ஒரு காற்றுக் குமிழ். படிக்கும்போதும் அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் குமிழைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பாள். ஏதோ கைப்பழக்கம் என்று நினைத்தேன்.

ஒருநாள் பள்ளியிலிருந்து வரும் வழியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கடையில் அந்த ஃபோனுக்கு ஒரு டெம்பர்டு கிளாஸ் வாங்கினேன். என்ன மாடல் என்று வீட்டில் அவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். பாக்கெட்டுக்குள் இரண்டு கண்ணாடிகளும், துடைக்க ஒரு ஈரத்துணியும், ஒரு உலர்ந்த துணியும் இருந்தன. அவளிடம் கொடுத்து, "இதை மாத்திக்கலாமே, அதுல பாத்துப் படிச்சா கண்ணு கெட்டுப்போயிடும்" என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள்.

வேண்டாம் என்ற இருக்கட்டுமா, வைத்துவிட்டுப் போங்கள் என்ற இருக்கட்டுமா என்று புரியவில்லை. அவள் மேசைமேல் வைத்தேன். மறுநாள் பாக்கெட் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. மறந்து வைத்திருப்பாள் என்று மறுபடி மேசைக்குக் கொண்டுபோனேன். அது மறுபடி ஃபிரிட்ஜின் மேல் வந்து உட்கார்ந்தது. எங்களுக்குள் நடந்த முதல் சண்டை அதுதான். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நடந்த சண்டை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர்தான் சொன்னார். க்ளிப் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தொலைவில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஃபோன் அவங்க அம்மாவோடது. ட்ரீட்மெண்ட் எடுக்கும்போது, தங்கச்சிகிட்ட வீடியோவுல பேசணும்னு கேட்டா. வாங்கிக் குடுத்தேன். அந்த ஃபிலிமை வீட்டுல உக்காந்து அவளேதான் ஒட்டினா. சாப்பிடற டேபிள்ல வச்சு, ஸ்கேல் எல்லாம் எடுத்துக்கிட்டு, யாரும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டா. அப்பவும் ஒரு குமிழ் நின்னுடுச்சு. பாப்பா சிரிச்சா. 'ஒண்ணே ஒண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும்'னு அவங்க அம்மாவும் விட்டுட்டா."

நான் ஈரத்துணியை உதறுவதை நிறுத்திவிட்டேன்.

"உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார். "சொல்ற மாதிரி ஒரு விஷயமான்னு தெரியல."

கீழே வந்ததும் பாக்கெட்டை ஃபிரிட்ஜின் மேலிருந்து எடுத்து என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அன்று மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் தாளிடம் தோற்றுவிட்டது போலக் கொஞ்சம் வலித்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் வேறொன்றும் தோன்றிவிட்டது. அவள் வேண்டாம் என்றது என்னை இல்லை. அது தெரிந்ததே ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்த ஃபோனைப் பற்றிப் பேசவில்லை.

மழைக்காலம் வந்தது. ஃபிலிமின் ஓரங்கள் பிரிந்து, அந்த இடுக்கில் தூசியும் ஈரமும் போய் அடைந்தன. திரையின் இடது பக்கம் தொட்டால் வேலை செய்யவில்லை. அந்தப் பக்கத்து எழுத்துகள் இல்லாமல்தான் அவளுடைய செய்திகள் வரும். அவர் அவற்றை வேலை இடைவெளியில் குறுக்கெழுத்துப் போட்டி போல உட்கார்ந்து படிப்பாராம். "இன்னைக்கு என்னமோ லேப்னு போட்டிருக்கா, இல்ல லேட்டா?" என்று எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்பார். அதில் எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பும் கிடைத்தது.

சிரிக்க முடியாத ஒரு நாளும் வந்தது. சாயங்காலத்திலிருந்தே நல்ல மழை. வண்டலூரைத் தாண்டி எங்கேயோ சிக்னல் கோளாறு, ரயில்கள் அங்கங்கே நின்றுவிட்டன. அவளும் ஒரு ரயிலில் மாட்டிக்கொண்டாள். அவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மணி அடிக்கும், அவள் எடுக்கமாட்டாள். வீட்டில் இருக்க முடியாமல் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே போய்விட்டார். உண்மையில் அவள் ஒவ்வொரு முறையும் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள். அந்தத் திரை நகரவில்லை. இவளாகக் கூப்பிடவும் முடியவில்லை.

இருவரும் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தார்கள். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீ எடுக்கலன்னதும் எனக்கு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. எழுந்து துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார்.

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, அதைச் சூடேற்றாமலே நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. அவர் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அவள் வந்து நிற்பது தெரிந்தது. திரும்பினேன்.

"நேத்து கடைக்குப் போனேன்," என்றாள்.

அவளாக ஒரு கதையை எனக்குச் சொல்ல ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை. கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற கடை. அந்த அண்ணன் ஃபோனைக் கையில வாங்கினதுமே நகத்தை வச்சிட்டாரு. 'இன்னாம்மா இது, ஃபிலிம் இத்துப் போய் கீது, இத்த வச்சிகினு எப்படித்தான் பேசுற'ன்னு ஓரத்தைப் பிடிச்சு இழுத்துட்டாரு. நான் பிடுங்கிட்டு வந்துட்டேன்."

ஃபோனை நீட்டினாள். மேல் மூலையில் ஃபிலிம் மடங்கி வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது.

"அவருக்கு எப்படித் தெரியும், பாவம்," என்றேன்.

"தெரியாதுதான். அவரு நல்லாத்தான் பேசினாரு. ஆனா அவரு டர்ருன்னு இழுத்துப் போட்டுடுவாரு." கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்துத்தான் ஆகணும். அன்னைக்கு அப்பா ஸ்டேஷன்ல நின்ன மாதிரி இன்னொரு வாட்டி நிக்கக்கூடாது. ஆனா நானே மெதுவா எடுக்கணும். கிழியாம."

"சரி."

"அந்தப் பாக்கெட் இன்னும் இருக்கா?"

"பீரோவுல இருக்கு."

"புதுசை ஒட்ட எனக்கு வராது. கோணலாயிடும்." பிறகு சட்டென்று, "நீங்க கவர்ஸ்லிப் வைப்பீங்கள்ல? ஒரு பக்கம் தொட்டு, மெதுவா சாய்ப்பீங்களே. குமிழ் வராம," என்றாள்.

செய்முறைத் தேர்வு நேரத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாணவிகளுக்காக ஸ்லைடுகள் தயார் பண்ணுவேன். வெங்காயத் தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மெல்லிய கவர்ஸ்லிப்பை ஓரத்திலிருந்து சாய்த்து மூடுவேன். அப்போதெல்லாம் அவள் அறைக் கதவு பாதி திறந்திருக்கும். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஒட்டிப் பாக்கலாம்," என்றேன். "இங்க தூசி பறக்குதே, எங்க உக்காந்து ஒட்டறது?"

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. வீடியோக்கள் பார்த்து வைத்திருந்தாள். "பாத்ரூம்ல. சுடுதண்ணி திறந்து விட்டு ஆவி வந்துச்சுன்னா தூசி எல்லாம் கீழ படிஞ்சிடுமாம்."

அடுத்த அரைமணி நேரம் அவள் உத்தரவு போட்டாள், நான் கேட்டேன். காட்டன் புடவையில் நூல் பறக்கும் என்று என்னை நைட்டிக்கு மாறச் சொன்னாள். தலைமுடி விழும் என்று துண்டைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அவளும் கட்டிக்கொண்டாள். கீசரைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கப் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பினோம். போர் தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் திரையில் உப்புக் கறை நிற்கும் என்று நான் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொண்டு, குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துவந்தாள். பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்து நடுவில் போட்டாள். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினாள். பழைய ஃபிலிமை வைக்க ஒரு புது ஃபைல் கவரை முன்பே எடுத்து வைத்திருந்தாள். கதவைத் தாழிட்டாள். அந்தச் சின்னக் குளியலறையில், முட்டியோடு முட்டி இடிக்க, ஸ்டூலின் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்தோம்.

ஆவி ஏறியது. ஃபோனை அணைத்துவிட்டு அவள் ஃபிலிமின் ஓரத்தில் காலாவதியான ஏ.டி.எம். கார்டை நுழைத்தாள். நான் ஃபோனை அசையாமல் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பிரியும். நிறுத்துவாள். ஆவியில் பசை இளகட்டும் என்று காத்திருப்பாள். மறுபடி கொஞ்சம். கடைக்காரர் மடக்கிய மூலையில் கிழிந்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். கடைசியில் கீழ் மூலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேதான் அந்தக் குமிழ். கட்டைவிரலை ஒருமுறை அதன்மேல் வைத்தாள். பிறகு இழுத்தாள்.

ஃபிலிம் முழுசாக வந்துவிட்டது. லேசாகச் சுருண்டுகொண்ட அதை இரண்டு கையாலும் பிடித்து ஃபைல் கவரின்மேல் படுக்கவைத்தாள். பிறகுதான் இருவரும் ஃபோனைப் பார்த்தோம்.

திரை புதுசாக இருந்தது. கறுப்பாக, ஆழமாக, கிணற்றுத் தண்ணீர் மாதிரிப் பளபளவென்று. எங்கள் இரண்டு பேரின் துண்டு கட்டிய தலைகளும் அதில் தெரிந்தன.

"ஒரு கீறல்கூட இல்ல," என்றாள். ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எத்தனை வாட்டி கீழ போட்டிருக்கேன். ஸ்கூல் படிக்கட்டுல ஒருவாட்டி கடைசிப் படி வரைக்கும் உருண்டுச்சு. பஸ்ல ஒருத்தர் மிதிச்சே இருக்காரு. ஒண்ணுமே ஆகல."

"நல்லா ஒட்டியிருக்காங்க," என்றேன்.

அவள் அம்மாவைப் பற்றி அவள் முன்னால் நான் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"குமிழ் விட்டுட்டாங்க," என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "எங்களை மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டு அவங்களே பேசிக்கிட்டே ஒட்டினாங்க. அதான் குமிழ்."

"என்ன பேசினாங்க?"

"என்னென்னவோ. நான் காலேஜ் போகும்போது இதைவிடப் பெரிய ஃபோன் வாங்கித் தர்றேன்னாங்க." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் அவங்க ஃபோனையே எனக்குக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவள் கன்னத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து தாடைக்கு வந்து நின்றது. நான் ஃபோனை இந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டேன். "ஸ்கிரீன் மேல விழப்போகுது," என்றேன். அவள் பாதி அழுகையில் பக்கென்று சிரித்துவிட்டாள். நானும்.

கேன் தண்ணீரில் நனைத்த துணியால் பழைய பசையைத் துடைத்தோம். பிறகு பாக்கெட்டில் இருந்த துணிகளால் மறுபடி துடைத்தோம். முதல் கண்ணாடியை எடுத்தேன். அவள் பின்பக்கத் தாளை உரித்தாள். மேல் ஓரத்தைத் தொடவைத்து மெதுவாகச் சாய்த்தேன். அழகாகப் படிந்துகொண்டே வந்தது. பாதியில் ஒரு கோடு தெரிந்தது. முடி.

"தூக்குங்க, தூக்குங்க," என்றாள். தூக்கினேன். அவள் முடியை எடுக்கப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் தூக்கினேன். மூலையில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியின் குறுக்கே விரிசல் ஓடிவிட்டது.

"போச்சு," என்றேன்.

அவள் அந்த முடியை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் காட்டினாள். "இது உங்களோடது. வெள்ளையா இருக்கு."

மறுக்க முடியவில்லை. துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொரு பக்கெட் வெந்நீர் பிடித்தோம். இந்தத் தடவை ஆவி முதலைவிட அதிகம். மீதமிருந்த கண்ணாடியை இரண்டு கைகளின் விரல் நுனிகளில் ஓரமாகப் பிடித்துக்கொண்டேன். அவள் தாளை உரித்தாள். குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளை.

"வைங்க," என்றாள்.

"எனக்கு எதுவும் தெரியல. மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி."

"துடைச்சுக்கோங்க."

"கையில இது இருக்கே. கீழ வச்சா தூசி ஒட்டிக்கும்."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஸ்டூலுக்கு மேலாக எட்டி, என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். தன் சட்டையின் உட்பக்கத்தால் இரண்டு பக்கமும் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு அவள் ஒரு நிழல் மாதிரித்தான் தெரிந்தாள். திரும்ப மாட்டிவிடும்போது ஒரு பக்கக் கம்பி தலைத்துண்டுக்குள் சிக்கியது. துண்டைத் தூக்கி, காதுக்குப் பின்னால் சரியாகச் செருகி, மூக்கின்மேல் இறக்கிவிட்டாள். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. புருவத்துக்குள் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. எப்போது விழுந்தாளோ.

"இப்போ தெரியுதா?"

"தெரியுது," என்றேன்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டார். அவரிடம் ஒரு சாவி உண்டு.

"உள்ள யாரு?"

"நாங்கதான்பா," என்றாள்.

"நாங்கன்னா?"

"நாங்க ரெண்டு பேரும்."

காலடிச் சத்தம் கதவை ஒட்டி வந்தது. பிறகு பதற்றமான குரல். "என்ன ஆச்சு? யாராவது வழுக்கி விழுந்துட்டீங்களா?"

"ஒண்ணும் ஆகல. ஹால்ல ஃபேன் மட்டும் போடாதீங்க."

"ஃபேனா? ஏன்?"

நான் பதில் சொல்லக் கதவுப் பக்கம் திரும்பினேன். கையில் இருந்த கண்ணாடி லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

"சித்தி, கையை ஆட்டாதீங்க," என்றாள்.

அவசரத்தில் வந்த சொல். அவளுக்கே அது தெரிந்ததா என்று தெரியவில்லை, அவள் கண் ஃபோனைவிட்டு அகலவில்லை. நானும் ஒன்றும் கேட்காதது போலத்தான் இருந்தேன். கையை ஆட்டவில்லை. மூச்சுகூட விடவில்லை என்று நினைக்கிறேன்.

மேல் ஓரத்தைத் தொடவைத்தேன். "கொஞ்சம் இடது பக்கம்," என்றாள். நகர்த்தினேன். "போதும்." விட்டேன். கண்ணாடி தானாகவே படுத்தது. மேலிருந்து கீழ்வரை, வறண்ட தரையில் தண்ணீர் பரவுவதுபோல் ஒரு கறுப்பு நிழல் பரவி ஓடியது. நடுவில் ஒரே ஒரு குமிழ் திணறி நின்றது. அவள் உலர்ந்த துணியால் அதை ஓரம்வரை தள்ளிக்கொண்டு போய் வெளியேற்றினாள்.

இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"லேசா சாய்வா இருக்கு," என்றேன்.

"ஃபோனே சாய்வாத்தான் இருக்கும். எத்தனை வாட்டி விழுந்திருக்கு," என்றாள்.

கதவைத் திறந்ததும் ஆவி மேகம் போல வெளியே போனது. அவர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டி, முகமெல்லாம் வியர்த்து, கண் சிவந்து வந்த எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவென்று கேட்க வாயெடுத்தார். அவள் ஃபோனைத் தூக்கிக் காட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். திரையைத் தொடவில்லை, ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"பத்திரமா எடுத்தோம்பா. கிழியல," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பக் கொடுத்துவிட்டு, "குளிக்கணும். சுடுதண்ணி இருக்கா?" என்றார்.

"தீந்துடுச்சு," என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பிறகு ஃபோனைப் போட்டுப் பார்த்தோம். இடது பக்கத்து எழுத்துகள் விழுந்தன. அவர் ஹாலில் உட்கார்ந்துகொண்டு தன் ஃபோனிலிருந்து அவளைக் கூப்பிட்டார். மணி அடித்தது. அவள் விரலை ஒரு இழு இழுத்தாள். அவ்வளவுதான்.

"ஹலோ. கேக்குதாப்பா?"

"கேக்குது," என்றார். அவள் அவருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள். ஆனாலும் அவர் ஃபோனைக் காதிலிருந்து உடனே எடுக்கவில்லை. "நல்லாவே கேக்குது."

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த பல நாட்கள் சித்தி என்ற சொல் வரவே இல்லை. சமையலறை வாசலில் வந்து நிற்பதும் அப்படியேதான் தொடர்ந்தது. நான் அவசரப்படவில்லை. ஆனால் அவள் அப்படி நிற்கும்போது முன்பு இருந்த இறுக்கம் இல்லை. சில நாள் நிற்பதோடு இல்லாமல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கல்லூரிப் பேருந்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்றெல்லாம் சொல்வாள். பேருந்துக் கட்டணம் அதிகம் என்று இவள் ரயிலில் போகிறவள். இருந்தாலும் பேருந்துச் செய்திகள் அத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தன.

இஸ்திரி போட்ட துணிகளை அவள் அறையில் வைக்கப் போனபோதுதான் ஒருநாள் கவனித்தேன். அவள் பீரோவின் நிலைக்கண்ணாடியில், கண் உயரத்தில், ஒரு செவ்வகக் கறை. துடைக்கப் புடவைத் தலைப்பைத் தூக்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஃபிலிம். கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள். அவள் ஒட்டியதில் குமிழ்கள் நிறைய இருந்தன. தலைப்பைக் கீழே விட்டுவிட்டு, அந்த இடத்தைத் தவிர்த்து மற்ற இடங்களில் இருந்த சிமெண்ட் தூசியை மட்டும் துடைத்துவிட்டு வந்தேன்.

சித்தி மறுபடி வந்தது, பிறகு நின்றது, பிறகு அடிக்கடி வந்தது. இப்போது அது எங்கள் வீட்டுச் சத்தங்களில் ஒன்று. அவள் அப்பாவுக்கு மட்டும்தான் என்று இருந்த செய்திகள் எனக்கும் வர ஆரம்பித்தன. முதலில் தகவல் மட்டும். வண்டி ஏறிட்டேன். கூடுவாஞ்சேரி. லேட் ஆகும். அப்புறம் தேவையில்லாததும் வந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் தூங்கித் தூங்கிப் பக்கத்தில் இருப்பவரின் தோளில் விழுகிறார். கூடுவாஞ்சேரியில் ஏறிய அக்கா விற்கும் பட்டாணி நன்றாக இருக்கிறது. ஒரு நாய் வண்டலூரில் ஏறி பெருங்களத்தூரில் இறங்கியது. வகுப்பு இடைவேளைகளில் இதையெல்லாம் நான் பணியாளர் அறையில் உட்கார்ந்து படிப்பேன். பக்கத்து மேசை ஆசிரியை ஒருநாள், "யாரு டீச்சர், சிரிச்சுக்கிட்டே படிக்கறீங்க?" என்று கேட்டார். "பொண்ணு," என்றேன். சொல்லி முடித்த பிறகும் அந்தச் சொல் கொஞ்ச நேரம் வாயில் இனித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் அவளுக்குக் கடைசித் தேர்வு முடிந்தது. சாயங்காலம் செய்தி வந்தது. "பயங்கர பசி சித்தி. வீட்ல மாவு இருக்கா?"

இல்லை. ஆனாலும் இருக்கிறது என்று பதில் அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். முனைக் கடையில் அப்போதுதான் மாவுப் பாக்கெட்டுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று கேட்டு வாங்கிப் பையில் போட்டபோது ஃபோன் மறுபடி அதிர்ந்தது.

"ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேர் கூட வர்றாங்க. நம்ம வீட்டைப் பாக்கணுமாம். சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க."

இதுவரை அவள் யாரையும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. கடைக்காரரிடம் திரும்பி, இன்னும் ரெண்டு பாக்கெட் கொடுங்க என்றேன்.